வெளிநாட்டு இணையவழிப் பட்டம்: பணம் கட்டுமுன் ஒரு வார்த்தை



சென்ற ஆண்டு மழைக்காலத்தில், ஞாயிறு ஆராதனை முடிந்து சபையார் கலைந்துகொண்டிருந்த வேளையில், வாலிபர் ஒருவர் கையில் ஒரு கோப்புடன் என் எதிரே வந்து நின்றார். திருநெல்வேலிச் சீமையைச் சேர்ந்த பிள்ளை. சால்ட் லேக் ஐந்தாம் செக்டாரில் மென்பொருள் நிறுவனமொன்றில் வேலை. பெஹாலாவில் ஒற்றை அறையில் வாசம். கோப்பினுள் கெட்டியான தாளில், பொன்னிற முத்திரையுடன், ஐரோப்பியப் பல்கலைக்கழகம் ஒன்றின் முதுகலைப் பட்டச் சான்றிதழ் இருந்தது. ஒன்றரை ஆண்டுகள், வேலை முடிந்து வந்து, இரவு பத்து மணிக்குமேல் கணினியின் முன் அமர்ந்து படித்துப் பெற்றது. செலவு இரண்டேகால் லட்சம் ரூபாய். அதில் ஒரு பங்கு, ஊரிலிருக்கும் விதவைத் தாயார் தம் நகையை அடகு வைத்து அனுப்பியது.

"ஐயா, பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கப் போகிறேன். கை வைத்து ஜெபியுங்கள்" என்றார். ஜெபித்தேன்.

மூன்று மாதம் கழித்து அதே கோப்பு மறுபடியும் என் மேசைக்கு வந்தது. இந்நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் அலுவலகத்தில் சான்றிதழை இரண்டு நிமிடம் புரட்டிப் பார்த்துவிட்டு, இது எங்களுக்கு முதுகலைப் பட்டமாகாது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்களாம். ஆனால் அவர் வேலை செய்யும் நிறுவனமோ அதே சான்றிதழை வாங்கிப் பதிவேட்டில் ஏற்றி, வாழ்த்துக் கடிதமும் கொடுத்திருந்தது. அவர் என்னிடம் கேட்ட கேள்வி இதுதான்: "ஒரே காகிதம், ஒரே ஊர். ஓரிடத்தில் செல்லுகிறது, ஓரிடத்தில் செல்லவில்லை. என்னுடையது மெய்யான பட்டமா, பொய்யான பட்டமா ஐயா?"

அன்றைக்கு எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. அதன்பின் விசாரித்தும் வாசித்தும் அறிந்தவற்றையே இங்கே எழுதுகிறேன். நம்முடைய ஜனங்கள் பிழைப்பிற்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள். சொத்து இல்லாத இடத்தில் படிப்பையே சொத்தாகக் கருதுகிறவர்கள். ஆகையால் இந்த வலையில் முதலில் விழுகிறவர்களும் நாமே.

செராம்பூரில் ஒரு சாசனம்

பட்டம் என்னும் காகிதத்திற்கு வல்லமை எங்கிருந்து வருகிறது என்பதை அறியக் கொல்கத்தாவாசிகள் வெகுதூரம் போகவேண்டியதில்லை. ஹவுராவில் லோக்கல் ரயிலேறினால் ஒரு மணி நேரத்திற்குள் செராம்பூர் வந்துவிடும். ஹூக்ளி ஆற்றங்கரையில், உயர்ந்த தூண்களோடு நிற்கும் செராம்பூர் கல்லூரியை நம்மில் பலர் வெளியூர் உறவினர்களை அழைத்துப் போய்க் காட்டியிருப்போம். வில்லியம் கேரியும், ஜோசுவா மார்ஷ்மேனும், வில்லியம் வார்டும் 1818ஆம் ஆண்டில் அதைத் தொடங்கினார்கள். அக்காலத்தில் செராம்பூர் ஆங்கிலேயருடையதன்று. டென்மார்க் ராஜ்யத்தின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. நம் தரங்கம்பாடியும் அதே ராஜ்யத்தின் கீழ்தான் இருந்தது. 1827ஆம் ஆண்டு பிப்ரவரி 23ஆம் தேதி டென்மார்க்கின் ஆறாம் பிரடெரிக் மன்னர் இக்கல்லூரிக்கு ஓர் அரச சாசனம் அளித்தார். பட்டம் வழங்கும் அதிகாரம் அதில் எழுதப்பட்டிருந்தது.

1845ஆம் ஆண்டில் டென்மார்க் தரங்கம்பாடியையும் செராம்பூரையும் ஆங்கிலேயக் கம்பெனிக்கு விற்றபோது, கல்லூரியின் உரிமை காக்கப்பட வேண்டும் என்பதையும் உடன்படிக்கையில் சேர்த்தார்கள். ஆயினும் அந்த உரிமை நெடுங்காலம் பயன்படாமலே கிடந்தது. சாசனத்தின் கீழ் முதன்முதலாக இறையியல் பட்டங்கள் வழங்கப்பட்டது 1915ஆம் ஆண்டில்தான். 1918ஆம் ஆண்டில் வங்காளச் சட்டசபை செராம்பூர் கல்லூரிச் சட்டத்தை இயற்றியது. இன்றும் செராம்பூர் செனட் அளிக்கும் பி.டி. பட்டம் செல்லுபடியாவது இந்தச் சாசனத்தினாலும் சட்டத்தினாலுமே.

அந்நிய நாட்டு மன்னன் கையெழுத்திட்ட பட்டய உரிமை, நம் மண்ணில் நிலைத்து நிற்க உடன்படிக்கையும் தேவைப்பட்டது, சட்டமும் தேவைப்பட்டது என்பதைக் கவனியுங்கள். நெகேமியா எருசலேமுக்குப் புறப்படும்போது நதிக்கு அப்புறத்திலிருந்த அதிபதிகளுக்கு ராஜாவினிடத்தில் கடிதங்கள் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். அந்தக் கடிதங்கள் செல்லுபடியானதற்குக் காரணம் அந்த அதிபதிகள் அந்த ராஜாவின் கீழ் இருந்ததே. எகிப்தின் எல்லையில் அதே கடிதத்தை நீட்டியிருந்தால் வாயிற்காவலன் என்ன செய்திருப்பான் என்று நான் அடிக்கடி எண்ணிக்கொள்வதுண்டு.

கேரியைப் பற்றி இன்னும் ஒன்று. செருப்புத் தைத்த அவர் எந்தப் பல்கலைக்கழகத்திலும் படித்தவரல்ல. 1801ஆம் ஆண்டில் வங்காள புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். அதே ஆண்டில் கல்கத்தாவின் வில்லியம் கோட்டைக் கல்லூரியில் ஆசிரியராக நியமிக்கப்பட்டார். பட்டம் பார்த்து அல்ல, அவருடைய பாஷை ஞானத்தைப் பார்த்தே அந்த வேலை கொடுக்கப்பட்டது. 1807ஆம் ஆண்டில்தான் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகம் அவருக்கு டி.டி. என்னும் கௌரவப் பட்டத்தை அனுப்பியது. அவரும் ஒருவகையில் வெளிநாட்டுப் பட்டம் பெற்றவரே. ஆனால் வேலை முந்தி வந்தது, பட்டம் பிந்தி வந்தது.

இந்தியச் சட்டம் சொல்வது

இனி இன்றைய நிலைக்கு வருவோம். 1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழுச் சட்டம், 22ஆம் பிரிவில், இந்நாட்டில் யார் பட்டம் வழங்கலாம் என்பதை வரையறுக்கிறது. மத்திய அல்லது மாநிலச் சட்டத்தால் நிறுவப்பட்ட பல்கலைக்கழகம், நிகர்நிலைப் பல்கலைக்கழகம், பாராளுமன்றச் சட்டத்தால் தனி அதிகாரம் பெற்ற நிறுவனம் ஆகியவை மாத்திரமே. 23ஆம் பிரிவோ, அப்படி நிறுவப்படாத எவரும் பல்கலைக்கழகம் என்ற பெயரையே சூட்டிக்கொள்ளக் கூடாது என்கிறது. மீறினால் தண்டனை? 24ஆம் பிரிவின்படி ஆயிரம் ரூபாய் வரை அபராதம். ஆம், ஆயிரமே. லட்சங்களை வசூலிக்கிறவனுக்கு ஆயிரம் ரூபாய் அபராதம் என்பது ஒரு நாள் தேநீர்ச் செலவு. இவ்வியாபாரம் ஓயாமலிருப்பதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

யு.ஜி.சி. வெளியிட்டுவரும் போலிப் பல்கலைக்கழகங்களின் பட்டியலில் கொல்கத்தா முகவரியுள்ள இரண்டு மாற்று மருத்துவ நிறுவனங்களின் பெயர்கள் பல ஆண்டுகளாக இடம்பெற்றிருக்கின்றன. அது நம்மைச் சேர்ந்ததல்ல என்று கடந்து போகலாம். ஆனால் அதே பட்டியலில் ஆந்திரப் பிரதேசத்தின் கீழே குண்டூரையும் விசாகப்பட்டினத்தையும் சேர்ந்த இரண்டு பெயர்கள் உள்ளன. ஒன்றின் பெயரில் கிறிஸ்துவும் புதிய ஏற்பாடும் இருக்கின்றன. மற்றொன்றின் பெயரில் வேதாகமமே இருக்கிறது. அதை முதன்முறை வாசித்தபோது எனக்கு வெட்கமாயிருந்தது.

நம் நாட்டுப் பல்கலைக்கழகங்களே வழங்கிய பட்டங்களும் நீதிமன்றத்தில் வீழ்ந்ததுண்டு. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் திறந்தநிலைப் பிரிவில், இளங்கலை படிக்காமலே நேரடியாக முதுகலை முடித்த ஒருவருடைய பட்டம் அரசுப் பதவிக்குத் தகுதியாகாது என்று உச்ச நீதிமன்றம் 2009ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. 2017 நவம்பரில், சேலத்தைச் சேர்ந்த ஒன்று உட்பட நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்வியில் கொடுத்த பொறியியல் பட்டங்களின்மேல் அதே நீதிமன்றம் கை வைத்தது. 2001 முதல் 2005 வரை சேர்ந்தவர்கள் மறுபடியும் தேர்வு எழுதித் தேற வேண்டியதாயிற்று. அதற்குப் பின் சேர்ந்தவர்களுக்கு அந்த வாய்ப்பும் இல்லை. படித்து, வேலைக்குப் போய், பதவி உயர்வும் பெற்று, பிள்ளைகுட்டிகளோடு இருக்கிறவனுடைய பட்டம் ஒரு நாள் காலையில் இல்லாமற்போவதை எண்ணிப் பாருங்கள். உள்நாட்டு நிலை இதுவானால், கடல் கடந்து கணினி வழியாக வரும் பட்டத்தைக் குறித்து எவ்வளவு ஜாக்கிரதை வேண்டும்!

கடலுக்கு அப்பாலிருந்து வருபவை

வெளிநாட்டு இணையவழிப் பட்டங்கள் யாவும் போலி என்று ஒரேயடியாகச் சொல்லுகிறவர்களும் உண்டு. அது சரியல்ல. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் 2014ஆம் ஆண்டு முதல் கணினி அறிவியலில் இணையவழி முதுகலைப் பட்டம் நடத்திவருகிறது. வளாகத்தில் படிக்கிறவர்களுக்கும் இணையவழியில் படிக்கிறவர்களுக்கும் பட்டம் ஒன்றே. அதற்கு நேர் எதிரே நிற்பது கராச்சியைச் சேர்ந்த ஆக்சாக்ட் நிறுவனம். குறைந்தது 370 இணையதளங்களின் மூலமாக, இல்லாத பல்கலைக்கழகங்களின் பெயரில் உலகெங்கும் பட்டம் விற்றதை 2015 மே மாதத்தில் நியூயார்க் டைம்ஸ் வெளிக்கொணர்ந்தது. பேராசிரியர்களாகத் தோன்றிப் புன்னகைத்தவர்கள் கூலிக்கு அமர்த்தப்பட்ட நடிகர்கள்.

நம்மைக் குழப்புவது இந்த இரண்டும் அல்ல, இவற்றின் நடுவில் இருப்பது. நம் வாலிபருடைய சான்றிதழும் அந்த நடுப்பகுதியைச் சேர்ந்ததே. ஸ்பெயின் தேசத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே ஒரே பல்கலைக்கழகம் இரண்டுவிதமான முதுகலைப் பட்டம் கொடுக்கலாம். ஒன்று அரசின் அங்கீகாரம் பெற்ற அதிகாரபூர்வப் பட்டம். அதை வைத்து முனைவர் ஆய்வுக்குச் சேரலாம். மற்றொன்று அப்பல்கலைக்கழகம் தன் சொந்தப் பொறுப்பில் கொடுப்பது. அதன் ஸ்பானியப் பெயருக்கே 'சொந்தப் பட்டம்' என்றுதான் பொருள். 2021ஆம் ஆண்டின் அரசாணைக்குப் பின் இதைத் தொடர்கல்வி முதுகலை என்ற பெயரில் வழங்குகிறார்கள். பல்கலைக்கழகமும் மெய், பாடமும் மெய், ஆசிரியரும் மெய். ஆனாலும் அதைக் கொண்டு அந்த நாட்டிலேயே நேரடியாக முனைவர் ஆய்வுக்குப் போக முடியாது. இங்கே விற்கிற தரகர் இந்த வேறுபாட்டைச் சொல்லுவதில்லை. "மாஸ்டர் டிகிரி, ஐரோப்பா" என்பதோடு அவருடைய வாக்கியம் முடிந்துவிடுகிறது.

அமெரிக்காவின் வழி வேறு. அங்கே மத்திய அரசு கல்லூரிகளை நேரடியாகத் தரச்சான்று செய்வதில்லை. தரச்சான்று அளிக்கும் அமைப்புகள் தனியே உண்டு. அந்த அமைப்புகளை அமெரிக்கக் கல்வித்துறை ஆராய்ந்து ஏற்றுக்கொள்ளும். ஆகவே ஒரு கல்லூரி 'தரச்சான்று பெற்றது' என்று சொன்னால் போதாது. சான்று கொடுத்தவர் யார், அவரை யார் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் கேட்க வேண்டும். பட்டத்தை விற்கிறவனே தரச்சான்று அமைப்பையும் தொடங்கித் தனக்குத்தானே சான்று கொடுத்துக்கொள்ளுகிற விநோதமும் அங்கே உண்டு. புளோரிடா முதலிய சில மாநிலங்களில் மதக் கல்லூரிகளுக்கு அரசு உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கப்படுகிறது. மத சுதந்தரத்தைக் காக்க ஏற்பட்ட நல்ல ஏற்பாடு அது. ஆனால் அந்த விலக்கையே 'அரசு அனுமதி' என்று அச்சிட்டு இந்தியாவிலுள்ள ஊழியர்களுக்கு அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள்.

தாளின் பின்புறம் ஒட்டப்பட்டிருக்கும் அப்போஸ்டில் முத்திரையைக் கண்டும் நம்மவர்கள் மயங்குகிறார்கள். இதற்கும் அப்போஸ்தலருக்கும் சம்பந்தமில்லை! ஒரு நாட்டு ஆவணத்தை மற்ற நாட்டில் காட்டுவதற்கான சர்வதேச ஒப்பந்த முத்திரை அது. இந்தியாவில் 2005 முதல் நடைமுறையில் உள்ளது. கையெழுத்தும் முத்திரையும் மெய்யானவை, கையெழுத்திட்டவர் இன்ன பதவியில் இருந்தவர் என்பதற்குமேல் அது எதையும் சொல்லுவதில்லை. படிப்பின் தரத்திற்கு அது சாட்சியல்ல.

பல்கலைக்கழகம் வேறு, முதலாளி வேறு

அந்த வாலிபரின் கேள்விக்கு இப்போது பதில் சொல்லலாம்.

வெளிநாட்டுப் பட்டம் இந்தியப் பட்டத்திற்கு இணையானது என்ற சான்றிதழை நெடுங்காலமாக இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கமாகிய ஏ.ஐ.யு. வழங்கிவந்தது. 2025 ஏப்ரலில் யு.ஜி.சி. இதற்கென்றே விதிமுறைகளை அறிவித்தது. பட்டம் கொடுத்த நிறுவனம் தன் சொந்த நாட்டில் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். சேர்க்கைத் தகுதி இங்குள்ளதற்கு ஒத்திருக்க வேண்டும். படிப்பு நேரில் வகுப்பில் அமர்ந்து படித்ததாயிருக்க வேண்டும், இணையவழியிலோ தொலைநிலையிலோ படித்ததாயிருக்கலாகாது. கிளை உரிம முறையில் வேறொருவர் நடத்திய படிப்பும் ஏற்கப்படாது. மருத்துவம், செவிலியம், சட்டம், கட்டடக்கலை போன்றவற்றிற்கு அந்தந்தக் கவுன்சில்களின் விதிகள் தனியே உண்டு. இதற்கு முன்பே, 2023 டிசம்பரில், வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து இணையவழிப் பட்டம் அளிப்பதாக விளம்பரம் செய்யும் கல்வி நிறுவனங்களைக் குறித்து யு.ஜி.சி. பொதுமக்களை எச்சரித்திருந்தது.

ஆகவே பல்கலைக்கழக அலுவலகத்தில் அவரைத் திருப்பி அனுப்பியவர் அநியாயம் செய்யவில்லை. ஜார்ஜியா டெக் போன்ற நல்ல நிறுவனத்தின் இணையவழிப் பட்டத்திற்கும் இந்த விதி இடையூறே. அது நியாயமா என்று கேட்டால், நன்றாய்ப் படித்தவனையும் பட்டத்தை விலைக்கு வாங்கினவனையும் ஒரே வேலிக்கு வெளியே நிறுத்துகிறது என்பதே என் கருத்து. என்றாலும் விதி விதியே. பல்கலைக்கழக ஆசிரியர் பணிக்கான நெட் தேர்வு, அரசுப் பணித் தேர்வுகள், பொதுத்துறை வங்கிகள் என்று எங்கெல்லாம் அறிவிப்பில் 'அங்கீகரிக்கப்பட்ட பல்கலைக்கழகத்தின் பட்டம்' என்று எழுதியிருக்கிறதோ, அங்கெல்லாம் இதே கதவுதான்.

தனியார் முதலாளிக்கோ அந்தக் கட்டாயம் இல்லை. அவருக்கு வேண்டியவனைத் தெரிந்தெடுக்க அவருக்கு உரிமை உண்டு. நேபுகாத்நேச்சார் மூன்று வருஷப் பயிற்சிக்குப் பின் தானியேலையும் அவன் தோழரையும் தானே வரவழைத்துப் பேசிப் பார்த்தே பணியில் அமர்த்தினான். ஐந்தாம் செக்டார் நிறுவனங்கள் நடத்தும் இன்டர்வியூவும் அதே மாதிரியானதுதான். வேலை தெரிகிறதா என்று பார்ப்பார்கள். சேர்ந்தபின், பின்புலச் சரிபார்ப்பு என்று வெளி நிறுவனங்களை அமர்த்திப் பட்டம் கொடுத்த பல்கலைக்கழகத்திற்கு எழுதிக் கேட்பார்கள். பல்கலைக்கழகம் ஆம் என்றால் ஆம். அந்தப் பட்டம் இந்தியாவில் இணையானதா என்பது பெரும்பாலும் அவர்களுக்குக் கேள்வியே அல்ல. போலி என்று கண்டுபிடித்தால் மாத்திரம், எத்தனை வருஷம் உழைத்திருந்தாலும், வேலை போகும். அனுபவச் சான்றிதழிலும் அது எழுதப்படும். அமெரிக்க அரசு அலுவலகங்களிலேயே, தரச்சான்று இல்லாத மூன்று நிறுவனங்களில் மாணவர்களாகப் பதிவாகியிருந்த 463 ஊழியர்களைப் பாராளுமன்றத் தணிக்கை அமைப்பு 2004ஆம் ஆண்டில் கண்டெடுத்தது. அவர்களில் சிலர் உயர்ந்த பதவிகளில் இருந்தவர்கள்.

கனடாவுக்குக் குடிபெயர விண்ணப்பிக்கிறவர்களுடைய படிப்பை டபிள்யூ.இ.எஸ். முதலிய அமைப்புகள் எடை போடுகின்றன. பிரித்தானியாவில் அந்த வேலையை ஈனிக் செய்கிறது. இவ்விடங்களிலும் பட்டம் தன் சொந்த நாட்டில் அதிகாரபூர்வமானதா என்பதே முதற் கேள்வி.

அறியாமல் சேர்ந்தவர்களையும் சட்டம் விட்டுவைப்பதில்லை. கலிபோர்னியாவில் டிரைவேலி யூனிவர்சிட்டி என்று ஒன்று இருந்தது. தன்னை ஒரு கிறிஸ்தவக் கல்வி நிறுவனம் என்றே அது அறிமுகப்படுத்திக்கொண்டது. 2011 ஜனவரியில் அமெரிக்க அதிகாரிகள் அதைச் சோதனையிட்டு மூடினார்கள். படித்தவர்களில் பெரும்பாலோர் இந்தியப் பிள்ளைகள், அதிலும் தெலுங்கு தேசத்தவர். வேறு வேறு ஊர்களில் வேலை செய்துகொண்டு இணையவழியில் வகுப்பில் இருந்ததாகக் கணக்குக் காட்டப்பட்டவர்கள். அவர்களில் சிலருடைய கணுக்காலில் கண்காணிப்புக் கருவி பூட்டப்பட்டதைச் செய்தித்தாளில் பார்த்த பெற்றோரின் கண்ணீர் கொஞ்சமல்ல. அதை நடத்திய பெண்மணிக்கு 2014ஆம் ஆண்டில் பதினாறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

நம் வீட்டிலும்

இவ்வளவையும் எழுதிவிட்டு நம் வீட்டைப் பற்றி எழுதாவிட்டால் நான் மாய்மாலக்காரனாவேன்.

நான் வேதாகமக் கல்லூரியில் மூன்று ஆண்டுகள் படித்தவன். முழங்காலில் நின்று படித்த நாட்கள் அவை. கிரேக்க எழுத்துகளை அங்கேதான் கற்றேன். பிரசங்கிக்கவும் பசித்திருக்கவும் அங்கேதான் பழகினேன். முடித்தபோது பி.டிஎச். என்று எழுதிய தாளைக் கொடுத்தார்கள். சில ஆண்டுகள் கழித்து, பல்கலைக்கழகமொன்றில் எம்.ஏ. படிக்க அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனேன். பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழ் வேண்டுமென்றார்கள், கொடுத்தேன். பட்டம் எங்கே என்றார்கள். கையிலிருந்ததை மறுபடியும் நீட்டினேன். அந்த எழுத்தர் நல்ல மனுஷர். "சார், இது உங்கள் சபைக்குள் செல்லும்" என்று மெதுவாகச் சொன்னார்.

அவர் சொன்னது அளவான உண்மை. செராம்பூர் செனட்டின் கீழ் வராத நம்முடைய பெரும்பாலான வேதாகமக் கல்லூரிகள் ஏ.டி.ஏ. என்னும் ஆசிய இறையியல் சங்கத்தின் தரச்சான்று பெற்றவை. சில அதுவும் இல்லாதவை. ஏ.டி.ஏ. தரச்சான்று மதிப்புள்ளதே. கல்லூரிகளுக்குள்ளும் சபைகளுக்குள்ளும் அது செல்லும். ஆனால் அது யு.ஜி.சி.யின் அங்கீகாரம் அல்ல. சேரும் நாளிலேயே இதைச் சொல்லிவிட்டால் யாருக்கும் நஷ்டமில்லை. சொல்லாமல் எம்.ஏ., எம்.டிஎச். என்று அச்சிட்டுக் கொடுத்து, பின்பு அந்த ஊழியருடைய மனைவி பள்ளிக்கூட வேலைக்கும், பிள்ளை மேற்படிப்புக்கும் அதைக் கொண்டு அலையும்போதுதான் துக்கம்.

இன்னொன்றையும் அறிக்கை செய்துவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன் எனக்கும் ஒரு 'டாக்டர்' பட்டம் வந்தது. அமெரிக்க முகவரி, முப்பது பக்கக் கட்டுரை, காணிக்கை என்ற பெயரில் ஒரு தொகை, ஆறு வாரத்தில் தபாலில் சான்றிதழ். இரண்டு கன்வென்ஷன் நோட்டீஸ்களில் என் பெயருக்கு முன்னால் அந்த எழுத்துகள் அச்சாயின. மூன்றாவது கூட்டத்திற்கு வந்திருந்த வங்காளிப் பேராசிரியர் ஒருவர், மிகுந்த மரியாதையுடன், "தங்கள் ஆய்வு எந்தப் பொருளில்? வழிகாட்டி யார்?" என்று கேட்டார். வழிகாட்டி யாரும் இல்லை. அன்றிரவு வீட்டில் என் மனைவி ஒன்றும் பேசவில்லை. நோட்டீஸை மடித்து அலமாரியில் வைத்தாள். அதன்பின் அந்த எழுத்துகளை நான் போட்டுக்கொள்ளவில்லை. ஆளுக்கொரு படிக்கல் வைத்திருப்பதைக் குறித்து நீதிமொழிகள் இருபதாம் அதிகாரம் கண்டிப்பது கடைக்காரருக்கு மாத்திரம் எழுதப்பட்டதென்று எண்ணியிருந்தேன்.

சென்ற மாதம் ஒரு சகோதரர், சபை அறிவிப்புப் பலகையில் வெளிநாட்டு இணையவழி எம்.பி.ஏ. விளம்பரத்தை ஒட்ட அனுமதி கேட்டார். ஆள் ஒன்றுக்கு அவருக்குத் தரகு உண்டு என்பது எனக்குத் தெரியும்; அவர் மறைக்கவும் இல்லை. நான் மறுத்தேன். இரண்டு வாரமாக ஆராதனைக்கு வரவில்லை. அவருக்காக ஜெபிக்கிறேன், ஆனாலும் பலகையைத் திறந்துவிட மனமில்லை.

பணம் கட்டுமுன்

தரகரிடம் கேட்காதீர்கள், அவர் எல்லாவற்றிற்கும் ஆம் என்பார். அந்தப் பல்கலைக்கழகத்திற்கே எழுதி, இந்தப் படிப்பு உங்கள் நாட்டில் அதிகாரபூர்வமானதா, இதைக் கொண்டு உங்களிடமே பிஎச்.டி.க்குச் சேரலாமா என்று கேளுங்கள். இந்த இரண்டாம் கேள்விக்கு வருகிற பதில் வெகு காரியங்களை வெளிப்படுத்தும். பதிலை எழுத்தில் வாங்குங்கள். பின்பு, நீங்கள் எதற்காகப் படிக்கிறீர்கள் என்று உங்களையே கேளுங்கள். இருக்கிற வேலையில் அறிவு பெருக வேண்டும், நிறுவனமும் ஏற்றுக்கொள்ளும் என்றால் சொந்தப் பட்டமும் பயனுள்ளதே; ஆனால் அதன் விலையைச் சாதாரணச் சான்றிதழ்ப் படிப்புகளின் விலையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஆசிரியர் பணி, அரசுப் பணி, ஆராய்ச்சி என்றால் அந்தப் பக்கமே போகவேண்டாம்.

நம் நாட்டில் இணையவழியிலேயே படிக்க இப்போது நேரான வழி உண்டு. யு.ஜி.சி.யின் 2020ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி, அனுமதி பெற்ற இந்தியப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலையிலும் இணையவழியிலும் வழங்கும் பட்டங்கள் நேரில் படித்த பட்டத்திற்கு இணையானவை. எந்தப் பல்கலைக்கழகத்திற்கு எந்தப் பாடத்தில் எந்த ஆண்டுக்கு அனுமதி என்பதை யு.ஜி.சி.யின் தொலைநிலைக் கல்விப் பிரிவு வெளியிடுகிறது. பெயரை மாத்திரமல்ல, பாடத்தையும் ஆண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேற்கு வங்காளச் சட்டத்தால் 1997ஆம் ஆண்டில் நிறுவப்பட்ட நேதாஜி சுபாஷ் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் நம் நகரத்திலேயே இருக்கிறது. இக்னோவும் இருக்கிறது. பொன்னிற முத்திரை இராது. கட்டணம் மிகக் குறைவு.

அந்த வாலிபரிடம், "தம்பி, உன் பட்டம் பொய்யல்ல. நீ நினைத்து வாங்கின பட்டம் அதுவல்ல" என்றேன். வெகுநேரம் தலை குனிந்திருந்தார். அழுதார் என்றே நினைக்கிறேன். பின்பு தம் சுயவிவரத் தாளை எடுத்து, முதுகலை என்றிருந்த இடத்தில் 'பல்கலைக்கழகத்தின் சொந்தப் பட்டம், இணையவழி' என்று திருத்தி எழுதினார். நிறுவனத்திலும் அப்படியே தெரிவித்தார்; ஒன்றும் கெடவில்லை. இவ்வாண்டு இக்னோவில் எம்.பி.ஏ.வுக்குச் சேர்ந்திருக்கிறார். தாயாரின் நகையில் வளையல் ஒரு ஜோடி மீண்டுவிட்டது. சங்கிலிக்கு இன்னும் நான்கு மாத வட்டி கட்ட வேண்டியிருக்கிறது.